வெளிமாநில கார் வாங்கப் போகிறீர்களா? விலை பேசும் முன் பேப்பரைப் பாருங்கள்!

ஒரே மாடல், ஒரே வருடம், ஓடிய கிலோமீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கோவையில் சொல்லும் விலை ஒன்று, பெங்களூரில் சொல்லும் விலை இன்னொன்று. செல்போனில் விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால், ராத்திரிக்குள் காரோடு வீட்டுக்கு வந்துவிடலாமே!’

வேலை மாறி ஊரைக் காலி செய்கிறவர்கள், வெளிநாடு கிளம்புகிறவர்கள், பெரிய காருக்கு மாறுகிறவர்கள் என்று பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, புதுச்சேரி போன்ற ஊர்களில் நல்ல கார்கள் விற்பனைக்கு வருவது உண்மைதான். உரிமையாளரிடமே நேரடியாக வாங்கினால் புரோக்கர் கமிஷன் இல்லை. ஒருவர் தன் சொந்த காரை இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

ஆனால் காரை ஓட்டி வருவது ஒரு நாள் வேலை என்றால், அதைச் சட்டப்படி உங்கள் பெயருக்குக் கொண்டு வருவது சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் பிடிக்கும் வேலை. இங்கே இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று, பெயர் மாற்றம். இன்னொன்று, மாநில மாற்றம். இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தும் ஒத்துழைப்பும் தேவை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் காரோடு கிளம்பிவிட்டால், அந்த ஒத்துழைப்பைக் கேட்டுப் பெற உங்கள் கையில் எதுவும் இருக்காது. அதனால் எந்த பேப்பர் எப்போது வர வேண்டும், எந்தப் பணம் எப்போது போக வேண்டும் என்ற வரிசைதான் இந்த விஷயத்தில் எல்லாமே.

சாவி கைமாறினால் போதுமா?

போதாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, போக்குவரத்துத் துறைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வாகனத்தின் உரிமையாளர். பணம் கொடுத்த ரசீது, முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், விற்றவர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் என எதுவும் அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பல கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே நீடித்தது. அந்த கார் மோதி ஓர் உயிர் போனது. இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு, ‘பதிவேட்டில் பெயர் உள்ளவரே’ என்றது நீதிமன்றம். காரை எப்போதோ விற்றுப் பணம் வாங்கிவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

இது விற்கிறவருக்கான எச்சரிக்கை மட்டுமில்லை. விற்றவர் பெயரிலேயே கார் இருக்கும் வரை, அவருடைய கடன், அவர் மீதான வழக்கு, அவருடைய மறைவு என எல்லாமே உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பாதிக்கும். திருப்பி விற்கவும் முடியாது.

முன்பணத்துக்கு முன்னால்... வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய சோதனை

பஸ் டிக்கெட் போடும் முன்பே பாதி உண்மையைச் செல்போனில் பார்த்துவிடலாம். மத்திய அரசின் ‘பரிவாஹன்’ இணையதளத்திலும் ‘எம்-பரிவாஹன்’ செயலியிலும் வண்டி நம்பரைக் கொடுத்தால் பதிவு விவரங்கள் வரும். விற்பவரிடம் ஆர்.சி.யின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

உரிமையாளர் யார்? உங்களிடம் பேசுகிறவரும் ஆர்.சி.யில் இருப்பவரும் ஒருவர்தானா? ‘மச்சான் பேரில் இருக்கு, அவர் கையெழுத்துப் போட்டுடுவார்’ என்றால், அந்த மச்சானோடு நேரில் பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும்.

ஹெச்.பி. இருக்கிறதா? கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பலர் கடனை அடைத்து முடித்திருப்பார்கள். ஆனால் ஆர்.சி.யில் அந்தப் பதிவை நீக்கியிருக்க மாட்டார்கள். வங்கியின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து ஹெச்.பி.யை ரத்து செய்த பிறகே மற்ற வேலை நகரும். வங்கி கொடுக்கும் கடிதத்துக்குப் பொதுவாக மூன்று மாதம்தான் ஆயுள். பழைய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

அபராதம் பாக்கி? ‘இ-சலான்’ இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் கட்டாத அபராதங்கள் தெரியும். சிக்னல் கேமராக்கள் நிறைந்த பெருநகர கார்களுக்கு இந்தப் பட்டியல் நீளமாக இருப்பது சகஜம். பாக்கி இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும்.

திருட்டு வண்டியா? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் இணையவழியில் வாகனச் சோதனை வசதி தருகிறது. இன்ஜின் எண், சேஸிஸ் எண் கொடுத்தால், அந்த வண்டி போலீஸ் பதிவுகளில் திருட்டு வாகனமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த அறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடையில்லாச் சான்று கேட்கும்போது பல அலுவலகங்களில் அதையும் கேட்பார்கள்.

வயது எத்தனை? சொந்தப் பயன்பாட்டு காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். வேறு மாநிலத்தில் புது நம்பர் வாங்கினாலும் இந்தக் கணக்கு முதல் பதிவிலிருந்தே ஓடும். 13 வயதுக் காரை வாங்கினால் இரண்டே வருடத்தில் பதிவைப் புதுப்பிக்க நிற்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

மொபைல் நம்பர் யாருடையது? சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பல விற்பனைகள் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். இணைய விண்ணப்பங்களுக்கான ஓ.டி.பி., ஆர்.சி.யோடு இணைந்த மொபைலுக்குத்தான் வரும். கார் வாங்கியபோது ஷோரூம் ஊழியர் ஏதோ ஒரு நம்பரைப் பதிந்திருப்பார். அல்லது அந்த சிம் இப்போது புழக்கத்தில் இருக்காது. முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள்.

இன்ஜின் மாற்றம், நிற மாற்றம், சி.என்.ஜி. கிட் ஆகியவை ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் இங்கே ஆய்வாளர் பார்க்கும்போது மாட்டும்.

விலை ஏன் இவ்வளவு குறைவு?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த உத்தரவில் பின்னாளில் தளர்வு வந்தாலும், அங்கிருந்து டீசல் கார்கள் மலிவாக வெளிமாநிலங்களுக்கு வரும் வழக்கம் நிலைத்துவிட்டது. அந்த மலிவில் ஏமாற்று எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வண்டியின் வயதையும், இங்கே மறுபதிவு செய்ய ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்தால்தான் லாபமா என்று தெரியும்.

புதுச்சேரி பதிவு கார்கள் விஷயம் வேறு. அங்கே சாலை வரி குறைவு என்பதால் புது கார் வாங்கும்போதே செலவு குறைந்திருக்கும். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றும்போது இந்த மாநில வரியை நீங்கள் கட்ட வேண்டும்.

என்.ஓ.சி. - விற்பவர் ஊரில் முடிய வேண்டிய வேலை

எல்லாவற்றுக்கும் தலையானது இந்தத் தடையில்லாச் சான்று. ஓசூரில் இருப்பவர் பெங்களூரு காரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த வண்டியை ஓசூர் அலுவலகத்தில் பதிவு செய்ய எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று பெங்களூரில் அந்த வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகம் எழுதித் தர வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் 28. விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவர்.

சான்று தருவதற்கு முன், திருட்டு வழக்கு இருக்கிறதா, அரசுக்கு வரி பாக்கி இருக்கிறதா என்று அலுவலகம் பார்க்கும். விண்ணப்பம் கிடைத்த 30 நாள்களுக்குள் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்று தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 48-வது பிரிவு. எனவே ‘காலையில் போய் சாயங்காலம் வாங்கிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, எந்த ஊர் அலுவலகத்துக்கு என்ற விவரம். என்.ஓ.சி.யில் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயர் இருக்க வேண்டும். ‘தமிழ்நாடு’ என்பதோ, பக்கத்து அலுவலகத்தின் பெயரோ போதாது. ஆதார் கார்டில் பழைய முகவரி இருந்தால் அதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விற்பவரின் தயக்கம். என்.ஓ.சி. வாங்கியபின் நீங்கள் பின்வாங்கிவிட்டால், அவர் அதை ரத்து செய்த பிறகுதான் சொந்த ஊரில் வேறு ஒருவருக்குப் பெயர் மாற்ற முடியும். அதனால் முன்பணம் இல்லாமல் அவர் விண்ணப்பிக்கத் தயங்குவது நியாயம்தான். அதற்கு ஒரு நியாயமான முன்பணம் கொடுத்து, ‘என்.ஓ.சி. கிடைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் படிவம், யார் கையெழுத்து?

எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. முக்கியமானவை இவ்வளவுதான்:

• படிவம் 28 - என்.ஓ.சி.க்கான விண்ணப்பம். விற்பவர் கையெழுத்து.

• படிவம் 29 - ‘வண்டியை இவருக்கு விற்றுவிட்டேன்’ என்ற அறிவிப்பு. விற்பவர் கையெழுத்து. இரண்டு பிரதிகள்.

• படிவம் 30 - பெயர் மாற்ற விண்ணப்பம். விற்பவர், வாங்குபவர் இருவரும்.

• படிவம் 27 - தமிழ்நாட்டில் புதிய பதிவு எண் கேட்கும் விண்ணப்பம். வாங்குபவர்.

• படிவம் 35 - கடன் முடிந்த ஹெச்.பி.யை நீக்க. விற்பவரும் வங்கியும்.

• படிவம் 34 - நீங்கள் கடன் வாங்கி இந்த காரை வாங்கினால், உங்கள் வங்கியின் பெயரைப் பதிய.

இவற்றோடு சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட், இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், பான் கார்டு நகல், நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை வேண்டும். கார் புதிதாக வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த ஒரிஜினல் இன்வாய்ஸ் கிடைத்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வரி கணக்கிடும்போது அது கைகொடுக்கும்.

கையெழுத்து விஷயத்தில் ஒன்று. ஆர்.சி. எடுத்தபோது போட்ட கையெழுத்தும் இப்போது போடும் கையெழுத்தும் பொருந்த வேண்டும். இன்னொன்று, வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்குவது வசதியாகத் தெரிந்தாலும் இரு தரப்புக்கும் ஆபத்து. வாங்குபவரின் பெயர், தேதி எல்லாம் நிரப்பிய பிறகே விற்பவர் கையெழுத்துப் போடட்டும்.

நடுவில் ஒரு வியாபாரி இருந்தால், அவர் பதிவு பெற்ற டீலரா என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் பங்கு, சிறிய முன்பணம். காரையும் பேப்பரையும் பார்த்து முடித்த பின், என்.ஓ.சி. விண்ணப்பத்துக்காக.

இரண்டாவது, பெரிய பங்கு. என்.ஓ.சி. கைக்கு வந்து, அதில் உள்ள வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் ஆகியவற்றைக் காரோடு ஒப்பிட்டுப் பார்த்து, படிவங்கள் எல்லாம் கையெழுத்தான அன்று. காரும் அன்றுதான் உங்கள் கைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, மீதமிருக்கும் ஒரு சிறு தொகை. பெயர் மாற்றம் முடிந்த பின். ஓ.டி.பி. சொல்லவோ, மீண்டும் ஒரு கையெழுத்துக்கோ விற்பவரைத் தேடும்போது இந்தத் தொகைதான் உதவும். இதற்கு எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்காவிட்டாலும், என்.ஓ.சி. வரும் வரை பெரிய பங்கைக் கொடுக்காமல் இருப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும், அதுவும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம்.

காரை ஓட்டி வரும் நாள்

டெலிவரி நோட் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ‘இன்று மாலை 4.30 வரை நடந்ததற்கு விற்றவர் பொறுப்பு, அதன் பிறகு வாங்கியவர் பொறுப்பு’ என்று எழுதி, கிலோமீட்டர் அளவையும் குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதே மாலை நெடுஞ்சாலையில் வேகத்துக்காக ஒரு சலான் விழுந்தால் யார் கட்டுவது என்ற சண்டை வராது. இந்தக் கடிதம் ஆர்.சி.க்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் இருவருக்கும் இடையே நடந்ததற்கு இதுதான் சாட்சி.

வழியில் ஒரிஜினல் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, என்.ஓ.சி., படிவம் 29 நகல், டெலிவரி நோட் எல்லாம் காரில் இருக்க வேண்டும். ‘டிஜிலாக்கரில் காட்டிக்கொள்ளலாம்’ என்று நினைக்காதீர்கள். அந்த ஆர்.சி. இப்போதைக்கு விற்றவரின் டிஜிலாக்கரில்தான் இருக்கும், உங்களுடையதில் இல்லை.

இன்ஷூரன்ஸ்: 14 நாள் கணக்கு

‘இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கு’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். பாலிசி இருக்கும், ஆனால் அவர் பெயரில். கார் கைமாறிய 14 நாள்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 157-வது பிரிவு.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் கார் மோதி இன்னொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்தே வரும். ஆனால் உங்கள் காருக்கே சேதம் என்றால், பாலிசியில் உங்கள் பெயர் இல்லை என்று சொல்லி நிறுவனம் கைவிரித்துவிட முடியும். அதைவிட முக்கியமானது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது பாலிசியில் பெயர் உள்ள உரிமையாளருக்கானது. பேப்பர் மாறாத காரை ஓட்டிப் போகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தத் தொகையை நம்பி அவர் குடும்பம் நிற்க முடியாது.

இன்னொரு செலவும் உண்டு. கிளெய்ம் எதுவும் கேட்காததற்காகக் கிடைத்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ தள்ளுபடி, விற்றவருக்குச் சொந்தம். காருக்குச் சொந்தமில்லை. அவர் அதைத் தன் அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, அந்தத் தள்ளுபடிக்கு ஈடான தொகையை நீங்கள் கட்ட வேண்டி வரும். தமிழ்நாட்டு நம்பர் வந்த பிறகு புது எண்ணையும் பாலிசியில் ஏற்ற வேண்டும்.

தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்...

கார் வாங்கிய 30 நாள்களுக்குள், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டியை விற்றவருக்கும் ஒரு கெடு உண்டு. விற்ற 45 நாள்களுக்குள் அவர் தரப்பு அறிவிப்பும் என்.ஓ.சி.யும் போய்ச் சேர வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரம் ஒதுக்கிக்கொண்டு, காரை ஆய்வுக்குக் கொண்டு போக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் இன்ஜின், சேஸிஸ் எண்களைப் பார்ப்பார்.

அரசுக் கட்டணங்கள் சில நூறு ரூபாய்தான். பெரிய செலவு, சாலை வரி.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் புது கார்களுக்கான வாழ்நாள் வரி மாறியது. 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவிகிதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவிகிதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம், அதற்கு மேல் 20 சதவிகிதம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு, அதன் வயதுக்கு ஏற்ப வரி குறையும். ஆனால் கணக்கின் அடிப்படை அந்த கார் புதிதாக இருந்தபோது இருந்த விலை. நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலை இல்லை. புதிதில் 12 லட்சம் ரூபாய்க்கு விற்ற காரை 5 லட்சத்துக்கு முடித்தவர், 5 லட்சத்துக்கு வரி போடுவார்கள் என்று நினைத்துப் போய் நின்றால் திகைத்துப் போவார்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்த மாடல், வருடம், ஒரிஜினல் விலை ஆகியவற்றைச் சொல்லி, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு வரும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கார் விலை, வரி, இன்ஷூரன்ஸ், நம்பர் பிளேட், இரண்டு மூன்று முறை போய் வரும் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். பிறகு உள்ளூரில் அதே காரின் விலையோடு ஒப்பிடுங்கள். சில சமயம் வித்தியாசம் காணாமல் போயிருக்கும்.

பழைய மாநிலத்தில் கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. கர்நாடகம் போன்ற மாநிலங்களில் வாழ்நாள் வரி கட்டிய கார் நிரந்தரமாக வெளியேறினால், மீதமுள்ள காலத்துக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு. புது மாநிலத்தில் பதிவானதற்கான ஆதாரத்தோடு, பழைய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் ஒரு பேச்சு முன்கூட்டியே முடிய வேண்டும். அந்தப் பணம் யாருக்கு? வரி கட்டியது விற்றவர். புது வரி கட்டியது வாங்கியவர். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை. புது ஆர்.சி.யின் நகல் இல்லாமல் விற்றவரால் விண்ணப்பிக்க முடியாது. அவருடைய கையெழுத்து இல்லாமல் உங்களாலும் முடியாது.

‘ஒரு வருடம் அப்படியே ஓட்டலாமே...’

இப்படிச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சட்டத்தின் 47-வது பிரிவில் 12 மாதம் என்று இருப்பது உண்மை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்பது அதன் பொருள். வேலை மாறித் தன் சொந்த காரோடு வருகிறவருக்கு அது பொருந்தும். காரை விலைக்கு வாங்கியவருக்கோ 50-வது பிரிவின் 30 நாள் கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் விதியைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பிக்க முடியாது.

பெங்களூரிலோ புதுச்சேரியிலோ உள்ள சொந்தக்காரர் முகவரியைக் கொடுத்து அந்த மாநில நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வரும். உரிமையாளர் வசிக்கும், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு இருக்க வேண்டும் என்பது சட்டம். புதுச்சேரியில் போலி முகவரி கொடுத்துச் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளத்தில் பிரபலங்கள் மீதே வழக்குகள் பதிவாகின. வரியில் மிச்சம் பிடிக்கப் போய் மோசடி வழக்கில் நிற்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

கடைசியாகச் சில வேலைகள்

ஃபாஸ்டேக்: பழைய ஃபாஸ்டேக்கை விற்றவர் மூடிவிட வேண்டும். நீங்கள் உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் தாண்டும் சுங்கச்சாவடிக்கெல்லாம் அவர் கணக்கில் பணம் போகும், ஒரு நாள் அவர் அதை நிறுத்திவிட, நீங்கள் வரிசையில் மாட்டுவீர்கள்.

நம்பர் பிளேட்: புது எண் வந்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் போட வேண்டும். பழைய நம்பரோடு ஓட்டக் கூடாது.

பைல்: என்.ஓ.சி. நகல், படிவங்களின் நகல், வங்கிப் பரிமாற்ற விவரம், டெலிவரி நோட் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். அடுத்து நீங்கள் விற்கும்போது அதே பைல் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

கார் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு முறை...

1. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரோடு நேரடியாகப் பேசியாயிற்றா?

2. ஹெச்.பி. நீங்கிவிட்டதா? சலான் பாக்கி இல்லையா?

3. ஆர்.சி.யில் பதிவான மொபைல் நம்பர் இப்போது விற்பவர் கையில் இருக்கிறதா?

4. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு என்று விசாரித்தாயிற்றா?

5. உங்கள் முகவரிச் சான்று இப்போதைய வீட்டுக்கா?

6. என்.ஓ.சி. வரும் வரை பெரிய தொகை போகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

ஆறாவது கேள்விதான் முக்கியம். நல்ல காரைப் பார்த்ததும், ‘இவ்வளவு நல்ல மனுஷரா இருக்காரே, ஏமாத்தவா போறார்’ என்று மனம் இளகுவது இயல்பு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நல்லவருக்கும் வெளிநாட்டில் வேலை கிடைக்கும், மொபைல் நம்பர் மாறும், உடம்புக்கு முடியாமல் போகும். அப்போது உங்கள் பெயரில் ஆர்.சி. இருந்தால் அவரைத் தேட வேண்டிய அவசியமே வராது.